ஆனி மாதச் சுற்றறிக்கை

மூன்றாம் கிரீனில் புல் கருகியதற்குக் காரணம்
போர்வெல், தோட்டக்காரர் அல்ல.
நாலாவது தடவையாக எழுதுகிறேன்.
யாரோ மறந்துபோன கறுப்புக் குடை
ஆபீசில் என் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது.
மூன்று பேர் தன்னுடையது என்கிறார்கள்,
மூவருக்கும் டிரைவர் உண்டு.
வியாழக்கிழமை டம்போலாவில் டாக்டர் யசோதரை
இரண்டு வாரமும் ஃபுல் ஹவுஸ் அடித்தார்.
பேச்சு வந்தது. பேச்சை நான் அச்சடிப்பதில்லை.
ஞாயிறு பஃபேயில் அரிசிம்பருப்புச் சாதம்
பன்னிரண்டரைக்கே தீர்ந்தது.
பாஸ்தா சாயங்காலம் வரை இருந்தது, கேடிகளுக்கு.

கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் வேறு அர்த்தம்.
இங்கே பை தூக்குகிற பையன்.
சாவடிக்குப் புதிதாய் வந்த எஸ்.ஐ. பட்டியல் கேட்க,
பதினோரு பெயரையும் நான் டைப் அடித்து அனுப்ப,
அதை இன்னொரு மாதம் சொல்கிறேன்.

இனி, ஏழாம் குழி.

நூற்று முப்பத்தெட்டு கெஜம்.
பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்ட காற்று
கொடிக்கம்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த காலை.
தீவன மில் ஆறுக்குட்டி அடித்தார்.
பந்து வேலிப்பக்கம் போனது,
போன இடத்தில் மனசு மாறித் திரும்பியது,
ஒரு தரம் குதித்தது,
உள்ளே போய்விட்டது.

விதி எல்லோருக்கும் தெரியும்:
ஒரே அடியில் போட்டவர்
அன்று பாரில் இருக்கிற அத்தனை பேருக்கும்
வாங்கித் தர வேண்டும்.
அன்று நூல் மில்காரர் மகள் நிச்சயம் முடிந்து
பாரில் நூற்று அறுபது பேர்.
ஆறுக்குட்டியோ
ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் லாரி வாடகை எழுதுகிறவர்.

“மயிலுங்க,” என்றார்.
“மயிலு கொத்திக் கொண்டாந்து போட்டுருச்சு. நாம் பாத்தனுங்க.”

கமிட்டி கூடியது.
செக்ரட்டரி நாகமாணிக்கம் விதிப் புத்தகத்தில்
பறவை என்ற சொல்லை ஒரு மணி நேரம் தேடினார்.
‘மயில் தரப்பு விசாரிக்கப்படவில்லை’ என்று
மினிட்ஸில் நான் எழுதியதை அடித்துவிட்டார்.
கேடி வெள்ளிங்கிரியைக் கூப்பிட்டார்கள்.
“வெயிலு கண்ணுல அடிச்சுதுங்க. ஒண்ணும் தெரியலீங்க.”
அன்று முழுக்கச் சாரல்.
கமிட்டி தலையாட்டியது.

ஏன்டா பொய் சொன்னாய் என்று பின்னால் கேட்டேன்.
“ரெண்டு நாள் போகட்டுங்கக்கா,
அவராலயே வெச்சுக்க முடியாது.”

ரெண்டு அல்ல, ஒன்பது.
வண்டி ஷெட்டைப் பூட்டுகிற நேரம்
ஏழாம் குழியோரம் ஓர் ஆள் குந்தியிருந்தார்,
மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு,
அடைகாக்கும் கோழிக்குக் கீழே முட்டை தடவுகிறவர் போல.
எதையும் எடுக்கவில்லை.
கையை வேட்டியில் துடைத்தார்.
அடித்த இடம் வரைக்கும்
அடி எண்ணிக்கொண்டு திரும்பி நடந்தார்.

மறுநாள் என் மேசைக்கு முன்னால்:
“ஏனுங்கம்மணி, அந்தச் சேதிய
பேரில்லாம போட முடியுங்களா?
எவ்வளவு ஆகும்?”
செய்திக்குக் காசில்லை என்றேன்.
உட்கார்ந்தார்.
முக்கால் மணி நேரம் சொன்னார்.
எந்தக் கட்டை எடுத்தார்,
தோள்பட்டை அன்று எப்படி வலிக்காமல் இருந்தது,
கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் அது எப்படி வந்தது.
“அந்தச் சத்தந்தானுங்க.
செம்புக்குள்ள ஒரு கூழாங்கல்லு உளுந்தாப்புல.”
வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.
மச்சினனும் இங்கே மெம்பர்.

நாலாம் பக்கம், குடைக்குக் கீழே போட்டிருக்கிறேன்:
ஏழாம் குழி, ஒரே அடி.
அடித்தவர் பெயர் கிடைக்கவில்லை.

அச்சுக்குப் போன பிறகு வந்த தகவல்:
கேட்டுக்கு எதிர் பேக்கரியில்
கேடிகளுக்கு யாரோ பணம் கட்டிப் போயிருக்கிறார்.
நோட்டில் பெயர், மயில்.
பதினோரு டீ,
பத்து தேங்காய் பன்.